ஸ்டீல் ரோலெக்ஸை முதலீடாக நினைத்து வாங்கலாமா?

மருதமலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் இருக்கிறேன். கல்லூரி நாளிலிருந்தே ரோலெக்ஸ் சப்மரீனர் மேல் ஆசை. இப்போதுதான் அதற்கென்று 15 லட்சம் ஒதுக்க முடிந்திருக்கிறது. ஷோரூமில் பெயர் கொடுத்தேன். எப்போது கிடைக்கும் என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதற்கிடையில் தெரிந்தவர் மூலமாக ஒரு வெளி டீலர் அறிமுகமானார். பில், பெட்டி, வாரண்டி கார்டு எல்லாம் இருக்கிறது, யாரும் கையில் கட்டாத பீஸ். ஆனால் கடை விலையை விட நிறையவே கூடுதலாகக் கேட்கிறார். "ஸ்டீல் ரோலெக்ஸ் என்றைக்கும் இறங்காது சார், ரெண்டு வருஷம் கட்டிவிட்டு லாபத்துக்கே விற்கலாம்" என்று அடித்துச் சொல்கிறார். வீட்டில் அந்தப் பணத்துக்குத் தங்கக் காசு வாங்கிப் போடச் சொல்கிறார்கள். டீலர் சொல்வது எந்த அளவுக்கு உண்மை? வாங்கி விற்ற அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

வால்ஜூ72 எழுதியது:

தம்பி, "என்றைக்கும் இறங்காது" என்று யார் சொன்னாலும் ஸ்விஸ் நிறுவனமான படேக் ஃபிலிப்பின் 5711 என்ற மாடலுக்கு என்ன ஆனது என்று அவரிடம் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

படேக்கின் நாட்டிலஸ் வரிசை 1976-ல் வந்தது, வாட்ச் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்த வடிவம். அந்த வழியில் 2006-ல் வந்ததுதான் 5711. மூன்று முள், ஒரு தேதி, ஸ்டீல் உடம்பு, அவ்வளவுதான். 2021 ஜனவரியில் நீல டயல் 5711-ஐ நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஏப்ரலில் ஆலிவ் பச்சை டயலில் கடைசியாக ஒன்றை விட்டார்கள். ஜூலையில் மொனாக்கோவில் ஆன்டிகோரம் நடத்திய ஏலத்தில் அந்தப் பச்சை டயல் ஒன்று 4,16,000 யூரோவுக்குப் போனது. அதன் கடை விலை 30,000 யூரோவை ஒட்டித்தான். டிசம்பரில் அமெரிக்க நகைக்கடையான டிஃபனிக்காக நீலப்பச்சை டயலில் 170 மட்டும் செய்தார்கள். அதில் ஒன்றை நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏலம் விட்டது. கடை விலை 52,635 டாலர், போன விலை 65 லட்சம் டாலர். அது தர்மத்துக்காக விடப்பட்ட ஏலம் என்பதால் அதை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் சாதாரண நீல டயலே 2022 தொடக்கத்தில் கடை விலையைப் போல நான்கைந்து மடங்குக்குக் கைமாறியது.

காரணம் வாட்சுக்குள் இல்லை. கொரோனா முடக்கத்தில் ஆலைகள் நின்றன. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கையில் செலவாகாத பணம் இருந்தது. வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. கிரிப்டோவில் திடீர்ப் பணம் பார்த்தவர்கள் பெரிய பெயர்களாகத் தேடி வாங்கினார்கள். 2022 மார்ச், ஏப்ரலைத் தாண்டியதும் வட்டி ஏறியது, கிரிப்டோ சரிந்தது, 5711 அடுத்த இரண்டு வருடத்தில் உச்ச விலையில் பாதிக்கு அருகே வந்துவிட்டது. ரோலெக்ஸின் செராமிக் பெசல் (டயலைச் சுற்றிய வளையம்) டேடோனாவும் அதே பாதையில்தான் இறங்கியது, அடி மட்டும் கொஞ்சம் குறைவு.

இப்போது இரண்டு பேரைப் பாருங்கள். 2018-ல் கடை விலைக்கு 5711 வாங்கியவர் அத்தனை சரிவுக்குப் பிறகும் நல்ல லாபத்தில் இருக்கிறார். அதே வாட்சை 2022 மார்ச்சில் வெளியில் வாங்கியவர் போட்டதில் பாதியை இழந்தார். வாட்சில் ஒரு ஸ்குரூ கூட வித்தியாசம் இல்லை, வாங்கிய விலைதான் வேறு. உங்கள் டீலர் உங்களை நிறுத்தப் பார்ப்பது அந்த இரண்டாவது ஆள் இடத்தில்.

தேக்கா எழுதியது:

வால்ஜூ அண்ணன் சொன்னதில் பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன். 5711 ஓர் உச்சக்கட்டம். படேக் வருடத்துக்குச் செய்வதே எல்லா மாடலும் சேர்த்து 70,000 சொச்சம் என்கிறார்கள். ரோலெக்ஸ் எண்ணிக்கையை வெளியிடுவதில்லை, பத்து லட்சத்துக்கு மேல் என்பது துறையில் எல்லோரும் சொல்லும் மதிப்பீடு. இத்தனை செய்தும் கடையில் கிடைக்கவில்லை என்றால் தேவை எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அதனால்தான் சப்மரீனர் அந்த அளவுக்கு ஏறவும் இல்லை, விழவும் இல்லை.

இன்னொன்று, பணமாக்குவது. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஃபார் ஈஸ்ட் பிளாசாவிலோ லக்கி பிளாசாவிலோ பழைய வாட்ச் வாங்கி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். ஸ்டீல் ஸ்போர்ட்ஸ் ரோலெக்ஸைக் கழற்றி மேசையில் வைத்தால் கடைக்காரர் பட்டையில் லிங்க் (கண்ணி) எத்தனை இருக்கிறது என்று எண்ணுவார், கிளாஸ்ப்பை (பட்டையின் பூட்டு) திறந்து பார்ப்பார், கார்டில் இருக்கும் எண்ணோடு உடம்பில் இருக்கும் எண்ணை ஒத்துப் பார்ப்பார், விலை சொல்வார். அடுத்த கடையில் கிட்டத்தட்ட அதே விலை சொல்வார்கள். ஒமேகா, டேக் ஹாய்யர், பிரைட்லிங் கொண்டு போனால் பெரும்பாலான மாடலுக்குக் கடை விலையை விட நன்றாகவே குறைத்துத்தான் கேட்பார்கள். எல்லாமே நல்ல வாட்ச்தான், ஆனால் மறுவிற்பனையில் இந்த வேறுபாடு நிஜம். அதை மறைக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தேக்கா சொல்வது சரி, ஆனால் கேட்டவர் கோவையில் இருக்கிறார். அங்கே அப்படி வரிசையாகக் கடை இல்லை. விற்க வேண்டும் என்றால் பெரும்பாலும் வாங்கிய டீலரிடமே போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ மும்பைக்கோ போக வேண்டும்.

எளிய கணக்கு ஒன்று. கடை விலை 100 என்று வையுங்கள். டீலர் 125 கேட்கிறார். மறுநாளே திருப்பிக் கொடுத்தால் 110 தருவார் என்று வைத்துக்கொள்வோம், அதுவே தாராளம்தான். அந்த 110 மறுபடி 125 ஆக வேண்டுமானால் சந்தை ஏறத்தாழ 14 சதவீதம் ஏற வேண்டும். அத்தனை ஏறினால்தான் முதல் தேறும், லாபம் அதற்கு அப்புறம். நடுவில் வங்கி வட்டி போயிற்று. பத்து வருடத்துக்கு ஒரு தடவை முழு சர்வீஸ், அதுவும் சின்னச் செலவில்லை. வீட்டில் வைத்தால் காப்பீடு, லாக்கரில் வைத்தால் வாடகை.

தங்கக் காசுக்கு இந்த இடைவெளி மிகக் குறைவு. தினமும் காலையில் கிராம் விலை அறிவிக்கிறார்கள், எந்த ஊரிலும் அதையொட்டித்தான் வியாபாரம். உங்கள் வாட்சுக்கு விலை சொல்கிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு ஆள்தான்.

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கைக்கடிகாரத்துக்குக் கடைக்காரர் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், நஷ்டமில்லை. ஆனால் பான் எண்ணோடு பதிவாகும். "பில் வேண்டாம், கேஷாகக் கொடுங்கள், குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாத வாட்சை நாளைக்கு விற்கும்போது கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

வாட்ச் மூலம் பணம் பெருக வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. 1984-ல் டாடாவும் நம் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின, ஓசூரில் ஆலை. அந்தப் பங்கை ஆரம்பத்தில் வாங்கி விற்காமல் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததை எந்த வாட்ச் சேகரிப்பாளரும் சுலபத்தில் எட்டிவிட முடியாது. கட்டிக்கொள்ள ஆசை என்றால் வாட்ச் வாங்குங்கள், பணம் வளர வேண்டும் என்றால் அதற்கான இடம் வேறு.

ஜனதா17 எழுதியது:

எல்லாரும் லட்சங்களில் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கீழே இறங்கி வருகிறேன். 1961-ல் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் தொடங்கியதுதான் எச்.எம்.டி. வாட்ச். 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்சஸை மூட ஒப்புதல் கொடுத்தது. மூடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததுமே ஜனதா, பைலட், கோஹினூர் எல்லாவற்றுக்கும் தேடல் கூடிவிட்டது. சில நூறு ரூபாய்க்குக் கிடந்த வாட்சை ஆயிரங்களில் கேட்டார்கள். சதவீதமாகப் பார்த்தால் எந்த ஸ்விஸ் வாட்சுக்கும் குறைந்ததில்லை. என்னிடம் அப்பாவின் ஜனதா இருக்கிறது, 17 ஜூவல், இந்தி எழுத்து டயல். காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை ஓடுகிறது. இதை யாரும் இங்கே பேச மாட்டீர்களா?

மேலமாசிவீதி எழுதியது:

பேசுவோம் தம்பி, ஏனென்றால் இந்த விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் மோசம் அதிகம். என் அப்பா மதுரையில் வாட்ச் மெக்கானிக். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு நான் பார்த்து வளர்ந்தது எல்லாம் எச்.எம்.டி., ஃபாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட், பழைய ஒமேகாதான்.

இணையத்தில் 'அரிய வகை எச்.எம்.டி.' என்று பளபளவென ஆரஞ்சு, கிளிப்பச்சை, இரண்டு வண்ண டயலில் விற்கிறார்களே, அதில் பெரும்பாலானவை மும்பைப் பக்கம் புதிதாகப் பெயின்ட் அடித்த டயல்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஆலையில் அச்சடித்த எழுத்து சீராக, கூர்மையாக இருக்கும். மறுபடி அடித்ததில் மை கசிந்து எழுத்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் கோட்டோடு நேராகச் சேராது. டயல் புத்தம் புதிதாகவும் முள்ளும் உள்ளே இருக்கும் சக்கரமும் ஐம்பது வருடம் பழையதாகவும் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

விலை உயர்ந்ததிலும் இதே பரிசோதனைதான். பழைய ரோலெக்ஸ், ஒமேகா டயலின் அடியில் 'டி' (T) எழுத்து இருந்தால் ஒளிரும் பூச்சில் டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். டிரிடியம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் 1970-களின் டயல் இன்றைக்கு இருட்டில் அநேகமாகச் செத்திருக்க வேண்டும். டார்ச் அடித்து அணைத்தவுடன் பளீரென்று வெகுநேரம் ஒளிர்ந்தால் யாரோ பின்னால் பூசியிருக்கிறார்கள். அந்த ஒரு பூச்சுக்கே விலையில் பெரும் பங்கு போய்விடும்.

பாலிஷ் இன்னொரு கேடு. ஒவ்வொரு சர்வீசிலும் கீறல் போக மெருகேற்றச் சொல்வார்கள். ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் விளிம்பு முதலில் கத்தி மாதிரி இருக்கும், நாலு பாலிஷுக்குப் பிறகு தேய்ந்த சோப்புக்கட்டி ஆகிவிடும். கீறல் இருக்கட்டும், அதுவே நல்லது. சர்வீசுக்குக் கொடுக்கும்போது ரசீதிலேயே 'பாலிஷ் வேண்டாம்' என்று எழுதி வாங்குங்கள்.

பெரிய இடத்திலும் ஏமாற்று நடக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, 1957-ல் வந்த முதல் மாடல், 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்குப் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-ல் அது வெவ்வேறு வாட்சின் பாகங்களைச் சேர்த்து ஒட்டவைத்தது என்றும், முன்னாள் ஊழியர்களுக்குத் தொடர்பு இருந்தது என்றும் ஒமேகாவே அறிவித்தது. செய்த நிறுவனமே ஏமாந்தது என்றால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஜனதா17, உங்கள் அப்பாவின் வாட்ச் டயலைத் தயவுசெய்து யாரிடமும் 'புதுப்பிக்க' கொடுத்துவிடாதீர்கள்.

மருதமலை எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு சந்தேகம். ஸ்டீலுக்கு இவ்வளவு சிக்கல் என்றால் தங்க ரோலெக்ஸ் வாங்கினால் என்ன? தங்கம்தான் ஏறிக்கொண்டே போகிறதே. வீட்டிலும் ஒத்துக்கொள்வார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வேண்டாம். அது 18 காரட், 750 தரம். நீங்கள் கொடுக்கும் விலையில் தங்கத்தின் மதிப்பு ஒரு பகுதிதான். நகைக்கடையில் கொடுத்தால் எடைக்குத்தான் காசு, அதற்கும் வாட்சை அழிக்க வேண்டும்.

வால்ஜூ72 எழுதியது:

கூடவே ஒரு சரித்திரமும் சொல்கிறேன். நம் வீடுகளில் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் வாட்ச் உலகில் ஸ்டீல் தங்கத்தை அடிக்கும் இடங்கள் உண்டு. படேக் 1518 என்று ஒரு மாடல். நிரந்தர நாட்காட்டியும் (லீப் வருடத்தையும் தானே கணக்கிட்டுத் தேதி காட்டுவது) கிரோனோகிராஃபும் (ஸ்டாப்வாட்ச்) சேர்ந்து வரிசையாகச் செய்யப்பட்ட முதல் கைக்கடிகாரம். 1941-லிருந்து 1954 வரை 281 செய்தார்கள், கிட்டத்தட்ட எல்லாமே தங்கம். ஸ்டீலில் வெளியே தெரிந்தவை நான்கு மட்டும். அதில் ஒன்று 2016-ல் ஜெனீவாவில் 1.1 கோடி பிராங்குக்குப் போனது. மஞ்சள் தங்க 1518 அதன் பக்கத்தில்கூட வராது. அன்றைக்கு அவ்வளவு நுட்பமான இயந்திரத்தை யாரும் ஸ்டீலில் கேட்கவில்லை, அதனால்தான் இன்றைக்கு அது அரிது, அதனால்தான் இந்த விலை.

என் பெயரில் இருக்கும் வால்ஜூ 72 மூவ்மென்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்) ஓடிய பழைய டேடோனாவும் அப்படித்தான். 1963-ல் வந்தது, சாவி கொடுக்கும் வாட்ச். ஆட்டோமேட்டிக் டேடோனா 1988-ல்தான் வந்தது. சின்ன வட்டங்களுக்குள் வித்தியாசமான எண்கள் போட்ட டயலை அப்போது வாங்க ஆளில்லை, கடைகளில் தேங்கிக் கிடந்தது. நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோஆன் உட்வர்ட் அதில் ஒன்றை வாங்கித் தந்தார். கார் பந்தயம் ஓட்டுகிறவர் என்பதால் பின்மூடியில் 'பார்த்து ஓட்டு' என்ற பொருளில் பொறித்துக் கொடுத்தார். நியூமன் 1984-ல் அதைத் தன் மகளின் அப்போதைய காதலருக்குக் கொடுத்துவிட்டார். அவரும் பல வருடம் சாதாரணமாகக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். 2017 அக்டோபரில் ஏலத்தில் 1.77 கோடி டாலர்!

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, எது ஏறும் என்று வாங்கும்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரும் விரும்பாத டயல் ஏறியது, எல்லோரும் துரத்திய 5711 பாதி விழுந்தது. ஆகவே எதிர்கால விலையை உறுதியாகச் சொல்லி விற்கிறவர் பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். நம் கையில் இருப்பது இரண்டே இரண்டு. என்ன விலைக்கு வாங்குகிறோம், வாங்கிய பிறகு அதன் அசலைக் கெடுக்காமல் வைத்திருக்கிறோமா.

நெய்தல் எழுதியது:

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வர்த்தகக் கூட்டமைப்பு) நாடுகளோடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஸ்விஸ் வாட்சுக்கான 20 சதவீத இறக்குமதி வரி ஏழு வருடத்தில் படிப்படியாகப் போகும். அப்படியானால் காத்திருப்பதே லாபம் இல்லையா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல கேள்வி. வரி குறைவதை நிறுவனங்கள் முழுதாக விலையில் காட்டும் என்று சொல்ல முடியாது. பிராங்க் ஏறினால் அதுவே வரிக்குறைப்பைத் தின்றுவிடும். ஆனால் செகண்ட் ஹேண்ட் வாட்ச் விலைக்கு மேல்கூரை பெரும்பாலும் புது வாட்சின் கடை விலைதான், தட்டுப்பாடு உள்ள சில மாடல்கள் மட்டும் விதிவிலக்கு. கடை விலை இறங்க வாய்ப்புள்ள காலத்தில் கூடுதல் கொடுத்து வாங்குவது இன்னும் ஆபத்து. மருதமலைக்கு இதுவும் சேர்ந்துதான் பதில்.

தேக்கா எழுதியது:

இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சப்மரீனர் விலை நிற்கும் என்று நான் சொன்னது கடை விலைக்குக் கிடைத்தால்தான். 2022 மார்ச்சில் ஸ்வாட்சும் ஒமேகாவும் சேர்ந்து விட்ட மலிவு வாட்சான மூன்ஸ்வாட்ச் வந்தபோது இங்கே கடை வாசலில் கூட்டம் அலைமோதியது. வாங்கியவர்கள் வெளியே வந்து அங்கேயே பல மடங்குக்கு விற்றார்கள். ஸ்வாட்ச் நிறுத்தாமல் செய்துகொண்டே இருந்தது, விலை தரைக்கு வந்துவிட்டது. தட்டுப்பாடு என்பது செய்கிறவர் கையில் இருக்கிறது, நம் கையில் இல்லை.

மருதமலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டீலரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஷோரூமில் பெயர் இருக்கட்டும், வந்தால் கடை விலைக்கு வாங்குவேன், கட்டுவேன். இதற்கிடையில் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல், 1861 மூவ்மென்ட், சென்னையில் ஒருவர் விற்கிறார். முதல் சொந்தக்காரர் அவர்தான். பில், கார்டு, பெட்டி உண்டு. புதிதின் கடை விலையோடு பார்த்தால் நல்ல இறக்கம். தேக்கா சொன்ன அந்த இறக்கத்தை முதல் ஆளே தாங்கிவிட்டார் என்பதால் எனக்கு இது சரியாகப் படுகிறது. மேலமாசிவீதி அக்கா, நேரில் போகும்போது என்ன பார்க்க வேண்டும்?

மேலமாசிவீதி எழுதியது:

சரியான யோசனை. பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உடம்பின் காதுப் பின்புறம் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும், அது கார்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். காதின் முறுக்கு வளைவில் பளபளப்பும் மங்கலும் சேரும் கோடு கூர்மையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கிரோனோகிராஃபை ஓடவிட்டு நிறுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், நடு முள் துல்லியமாக 12-ல் நிற்க வேண்டும், சின்ன முள்களும்தான். இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள்.

மேல் கண்ணாடி பிளாஸ்டிக் வகை என்றால் கீறல் பற்றிக் கவலை வேண்டாம், வீட்டிலேயே தேய்த்துப் போக்கலாம். கழற்றி வைத்த லிங்குகளைக் கேட்டு வாங்குங்கள், மறந்துவிடுவார்கள், பின்னால் தனியாக வாங்க விலை அதிகம்.

பக்கத்தில் டைம்கிராஃபர் (வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போக அவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். முழுச் சாவி கொடுத்த பிறகு ஆம்ப்ளிட்யூட் (உள்ளே ஆடும் சக்கரத்தின் ஆட்ட அளவு) 250 டிகிரிக்குக் கீழே காட்டினால் சர்வீஸ் நேரம் வந்துவிட்டது, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது, எங்கே சர்வீஸ் செய்தார் என்ற ரசீதும் வேண்டும். படம் எடுத்து இங்கே போடுங்கள், டயலையும் காதுகளையும் பக்கவாட்டிலிருந்து எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். பார்த்துச் சொல்கிறேன்.